நான் தலையை ஆட்டியது சம்மதத்துக்குத்தான்

கியூஸ்தெந்தில்,
வெள்ளிக்கிழமை, மழை விட்ட பிற்பகல்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா ருமியானா அவர்களுக்கு, நெவேனாவின் பாட்டி கெர்கினா மிகுந்த மரியாதையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அதாவது உடம்பளவில் நலம். செர்ரி மரங்களும் நலம், இந்த வருஷம் கிளை தாங்காத காய்ப்பு. அங்கே நீங்களும், வெலிசார் ஐயாவும், என் பேத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிற (இன்னும் அப்படித்தான் என்று நம்பி எழுதுகிறேன்) கலோயன் தம்பியும், உங்கள் கோதுமை வயலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தேவமாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். புதன்கிழமைக்குப் பிறகு போனைத் தொடவே கை கூசுகிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள், அதற்குப் பிறகு ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள், ஆனால் அந்த ஐந்து வருஷமும் கையெழுத்தில் முதல் பரிசு எனக்குத்தான். காகிதத்தில் எழுதினால் நடுவில் எதுவும் புகுந்து வெட்டாது பாருங்கள். நீங்கள் மூன்று தடவை கூப்பிட்டீர்கள், மூன்று தடவையும் நான் துண்டித்தேன், நாலாவதாக உங்கள் கணவர் கூப்பிட்டபோது வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நினைப்பதில் தப்பே இல்லை, அப்படியேதான் நடந்தது. ஆனால் செய்தது நானல்ல, என் காதில் இருந்தது. முதலிலிருந்து சொல்கிறேன், ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கல்யாணத்தில் கை கோத்து ஹோரோ ஆடும்போது வரிசைக்கு முன்னால் நின்று கைக்குட்டையைச் சுழற்றி நடத்திக்கொண்டு போவது யார்? எங்கள் வீட்டில் நான்தான். நெவேனாவைப் பெற்றவர்கள் ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போனபோது நாலு வயதில் என் மடியில் விட்டுப் போன பிள்ளை அவள், அந்த முதல் இடத்தை நான் யாருக்கும் தரமாட்டேன். ஆனால் இடுப்பு என் பேச்சைக் கேட்பதில்லை. டாக்டரிடம் போனேன். "உங்க வயசுக்கு உட்கார்ந்து கை தட்டினா போதாதாம்மா?" என்றார். "கை தட்ட நான் எதுக்கு டாக்டர்கிட்ட வரணும்?" என்று கேட்டுவிட்டு நேராக நெவேனாவின் ஜிம்முக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த ஜிம்மில் அவளைப் போல் பயிற்சி கொடுக்க ஆள் கிடையாது. நாட்டு அளவில் எடை தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கியவள். தங்கம் வாங்கியவளை நான் பார்த்தேன், அவள் கழுத்து சரியில்லை. உங்கள் மகனைக்கூட நெவேனா ஒரு கையால் தூக்கிவிடுவாள், தூக்கமாட்டாள், அவ்வளவு அடக்கம்.

ஜிம்மில் எல்லாம் நன்றாக இருந்தது, பாட்டைத் தவிர. டும் டும் டும் டும் என்று நாலு தட்டில் சுவரை இடிக்கிறார்கள். நான் பழகவேண்டியதோ ஏழு தட்டு ஆட்டம். காது நாலு என்று சொல்ல, கால் ஏழு என்று நினைக்க, இரண்டுக்கும் நடுவில் ஒருநாள் நான் பக்கத்துப் பெண்ணின் பாயில் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போது நெவேனாதான் சொன்னாள்: "பாட்டி, ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கிக்கோ. உன் பாட்டை நீயே கேட்டுக்கலாம், எனக்கும் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்குற வேலை இருக்காது." அவளுக்கு அன்று வகுப்பு இருந்ததால், பக்கத்து வீட்டு ஸ்லாவ்காவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதுதான் முதல் தப்பு, ஸ்லாவ்கா வந்தால் எதுவும் சுருக்கமாக முடியாது.

கடையில் மிலென் என்று ஒரு பையன், நல்ல பொறுமை. முதலில் வெள்ளையாக, குச்சி வைத்த மாதிரி இரண்டு கொடுத்தான். காதில் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்குத் தாங்குமா என்று பார்க்க ஒரே ஒரு குதிதான் குதித்தேன். வலது பக்கத்தது துள்ளி விழுந்து வாஷிங் மெஷின் அடியில் போய்விட்டது. மிலென் தரையில் படுத்துத் தேடி எடுத்தான். "பாட்டி, நீங்க நடக்கத்தானே போறீங்க?" என்றான். "நடக்கிறதுக்கு எதுக்குடா பாட்டு?" என்றேன். அடுத்து, காதைச் சுற்றிக் கொக்கி போடுகிற வகை. விழாது, உண்மைதான். ஆனால் அதே காதில் மூக்குக் கண்ணாடியின் கால் இருக்கிறது, என் அம்மா போட்ட தொங்கட்டான் இருக்கிறது, மூன்றும் பின்னிக்கொண்டு கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "இது காதா, கோட்டு மாட்டுற ஆணியா?" என்றாள் ஸ்லாவ்கா. மூன்றாவது, காதுக்குள்ளேயே போகாது, கன்னத்து எலும்பின் மேல் உட்காரும், பாட்டு எலும்பு வழியாக வருமாம். அதிசயம்தான், தாடையே பாடியது. ஆனால் காது திறந்தே இருப்பதால் வெளியே இருக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது. "ரோட்டுல ஓடுறவங்களுக்கு இதுதான் நல்லது பாட்டி, பின்னாடி கார் வந்தா கேக்கும்" என்றான். "எனக்குப் பின்னாடி கார் வராது, ஸ்லாவ்காதான் வருவா. அவ பேசுறது கேக்காத மாதிரி ஒண்ணு குடு" என்றேன். ஸ்லாவ்கா ரொட்டிக் கடைவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள், கோபம் அவ்வளவு தூரம்தான் தாங்கும்.

நாலாவதுதான் அது. நுனியில் ரப்பர் வைத்து, காதுக்குள் திருகி உட்காரவைப்பது. ரப்பர் மூன்று அளவில் வருகிறது. எனக்கு இடது காதுக்குச் சின்னது, வலது காதுக்கு நடுத்தரம். வலது காது பெரிதாக இருப்பது எங்கள் குடும்ப வாகு, நெவேனாவுக்கு வரவில்லை, பயப்படவேண்டாம். மாட்டியதும் கடை, தெரு, ஸ்லாவ்கா எல்லாம் நின்றுபோய், கிளாரினெட் மட்டும் தேன் மாதிரி வந்தது. நான் கடைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன். பிரிட்ஜ் வாங்க வந்த ஒரு தம்பதி கை தட்டினார்கள். விழவில்லை. "வேர்வைக்குத் தாங்குமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பாட்டில் தண்ணீரைத் தெளித்தும் பார்த்தேன். தாங்கியது. மிலெனின் சட்டைதான் நனைந்தது. அப்போதுதான் அவன் பெட்டியைத் திருப்பி வாசித்தான்: "பாட்டி, இதுல இன்னொரு வசதி இருக்கு. கையில எடை இருக்கும்போது போன் வந்துச்சுன்னா தொடவே வேண்டாம். பேசணும்னா தலையாலயே சரின்னு சொல்லுங்க, வேண்டாம்னா தலையாலயே வேண்டாம்னு சொல்லுங்க, அதுவே புரிஞ்சுக்கும்." பெட்டியில் அவ்வளவுதான் போட்டிருந்தது. எந்தப் பக்கம் ஆட்டுவது என்று போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தலையாட்டத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? "வாங்கித் தொலை கெர்கினா, இல்லேன்னா இந்தப் பையன் வேலையை விட்டுடுவான்" என்றாள் ஸ்லாவ்கா. வாங்கினேன்.

இனிப் புதன்கிழமை. கல்யாணம் உங்கள் டோப்ரிச்சிலா, எங்கள் கியூஸ்தெந்திலிலா என்று காலையில் கூப்பிட்டு முடிவாகப் பேசுவதாகச் சொல்லியிருந்தீர்கள். காலை என்றால் பத்து மணி என்று நான் நினைத்தேன், நீங்கள் கிழக்குக் கடலோரம், உங்களுக்குச் சூரியன் முன்னாலேயே வந்துவிடுகிறது. நான் ஜிம்மில் பலகை மேல் ஏறி நின்று இரண்டு கையிலும் டம்பெல்ஸைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறேன். காதுக்குள் ஒரு பெண் குரல், வானொலிச் செய்தி மாதிரி, "டோப்ரிச் ருமியானா அழைக்கிறார்" என்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பேசுகிறேன் என்று இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினேன். நின்றுவிட்டது. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி நீங்கள். இன்னும் பலமாக ஆட்டினேன். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை தலையோடு தோளையும் சேர்த்து, பாசம் பொங்க ஆட்டினேன், தொங்கட்டான் கன்னத்தில் அறைந்தது. அதுவும் நின்றது. எடையைக் கீழே வைத்திருக்கலாமே என்பீர்கள். எங்கே வைப்பது, கீழே, வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த ஸ்லாவ்காவின் கால் இருந்தது.

பிறகு வந்தது "தெரியாத எண்". ஒரு வாரமாக ஒருவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான், காந்த மெத்தை விற்கிறவன். பஸ் அனுப்புகிறேன், ஓட்டல் மண்டபத்துக்கு வாருங்கள், சாப்பாடு போட்டு மெத்தையைக் காட்டுகிறேன் என்பான். அவன்தான் என்று நினைத்து, வேண்டாம் என்கிறதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். உடனே எடுத்துக்கொண்டது! நீங்கள் கூப்பிட்டால் எடுக்காத கருவி அவனை வரவேற்று உட்காரவைத்தது. அவனும் முதுகுத்தண்டைப் பற்றி முழுதாகப் பேசிவிட்டுத்தான் வைத்தான். வைத்து ஒரு மூச்சு விட்டிருப்பேன், மறுபடி "தெரியாத எண்". மறுபடி மேலும் கீழும். மறுபடி எடுத்துக்கொண்டது. நான் கத்தினேன், மறைக்கமாட்டேன், ஜிம் முழுக்கக் கேட்டது: "எத்தனை தடவை சொல்றது? நான் எங்கேயும் வரமாட்டேன்! பஸ் அனுப்பினாலும் வரமாட்டேன், சோறு போட்டாலும் வரமாட்டேன்! அவ்வளவு ஆசையா இருந்தா உன் ஜனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு நீ இங்க வா!" அந்தப் பக்கம் பீப்பாய் உருண்ட மாதிரி ஒரு குரல்: "சரிம்மா. புரிஞ்சது." மெத்தைக்காரனுக்கு அப்படிப்பட்ட குரல் கிடையாது. நாட்டிலேயே அது உங்கள் வீட்டுக்காரர் வெலிசார் ஐயா ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் கூட்டுறவு ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நெவேனா ஓடி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "பாட்டி, வெளிநாட்டுக்காரங்க சரின்னா மேலும் கீழும் ஆட்டுவாங்க, வேண்டாம்னாத்தான் இப்படி இடமும் வலமும். அந்தக் கருவியும் அப்படித்தான். நீ அவங்களை மூணு தடவை வேண்டாம்னுட்ட!" நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சரி என்பதற்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தமாம். "அப்போ மத்த நாட்டுல எல்லாம் எப்படித்தான் கல்யாணம் நடக்குது?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, சம்பந்தியம்மா. எதற்கும் சிரிக்கிற பெண். கலோயன் தம்பியும் அன்றிலிருந்து கூப்பிடவில்லை. தயிரைக்கூடத் தொடாமல் ஜிம்முக்குப் போகிறாள், இரும்பைப் போட்டு இடிக்கிறாள், வருகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்னோடு சண்டை போட்டாலாவது தேவலை.

அதனால் எழுதுகிறேன். என் மேல் இருக்கிற கோபத்தை அந்தப் பிள்ளை மேல் காட்டாதீர்கள். கல்யாணம் டோப்ரிச்சிலேயே நடக்கட்டும். உங்கள் ஊர் மண்டபம், உங்கள் ஊர் மேளக்காரர்கள், உங்கள் ஊர் ராக்கியாச் சாராயம். ஹோரோவுக்கு முன்னால் நீங்களே நில்லுங்கள், நான் வரிசையின் கடைசியில் நின்று, உங்கள் பக்கத்து வழக்கப்படி முழங்காலை மடித்துத் தரையில் உதைத்து ஆடுகிறேன், எழுந்திருக்க முடியாவிட்டால் நெவேனா தூக்குவாள். இதற்கு மேல் விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. செர்ரி பழுத்ததும் நிச்சயத்துக்கு வருவதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் ரொட்டியும் உப்பும் என்றும் நிறைந்திருக்கட்டும், களஞ்சியத்தில் எலி புகாமல் இருக்கட்டும், வெலிசார் ஐயாவின் குரல் நூறு வருஷம் முழங்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு முத்தம்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
கெர்கினா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் நெவேனா சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள், கலோயன் தம்பி கூப்பிட்டாராம். உறவுக்காரர் எல்லோருக்கும் சொல்லி முடிக்கிற வரை அவரைப் பேசவேண்டாம் என்று நீங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தீர்களாமே. வெலிசார் ஐயா புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் ஒரு ராக்கியாவை ஊற்றிக்கொண்டு, "ருமியானா, அந்தம்மா மூணு தடவை வெட்டி, நாலாவது தடவை எடுத்துத் தெளிவாச் சொல்லிடுச்சு. நம்மால முடியாது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு நாமே அங்க போயிடலாம்" என்றாராம், நீங்களும் சரி என்றுவிட்டீர்களாம், ரயிலில் இடம்கூடப் பிடித்தாயிற்றாம். ஆகவே டோப்ரிச், உங்கள் மண்டபம், உங்கள் மேளம், வரிசையின் கடைசி, முழங்கால், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மேலே இருப்பதை மரியாதைக்குப் படியுங்கள், கீழே இருப்பதை விஷயத்துக்கு. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சீக்கிரம் தெரிவியுங்கள், மண்டபத்துக்காரன் கேட்கிறான். போன் வேண்டாம், பேசினால் நான் மறுபடி இளகிவிடுவேன்.