சிப்பாய்க்கு மாதம் ஐம்பது சதம்

நாய்க்கு நோய் வருவதற்கு முன்பே வைத்தியச் செலவைக் கட்டுவதில்லை என்று நான் தீர்மானித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கும் பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டி, அவர் சாட்சியாகத் தீர்மானித்தேன். பிள்ளையார் முன் எடுத்த முடிவு அசையாது என்று நம்பினேன். என் மனைவி பரிமளம் பிள்ளையாருடைய அம்மாவிடம் போய்விடுவாள் என்று நினைக்கவில்லை.

இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவை கடைத்தெருவில் எனக்கு ஒரு கடை. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், கம்பளி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மணம். தேயிலை விலை விழுந்த வருஷத்திலிருந்து வியாபாரம் சுமார்தான். அதோடு எனக்குக் கூச்சம் அதிகம். தோட்டத்து ஆட்கள் பாக்கி வைத்துவிட்டுப் போனால் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது. இருமுவேன். இருமலுக்கு மசியாதவர்களிடம் பரிமளம் பேசுவாள். அவள் பேசினால் பணம் வந்துவிடும். பாக்கி இல்லாதவர்கள்கூடக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரவில் கடையைக் காப்பது சிப்பாய். கறுப்பு நாய். ஒரு காது நிற்கும், ஒரு காது உட்கார்ந்திருக்கும். வருஷா வருஷம் ஊர்த்தலைவரான ஆராச்சியிடம் பணம் கட்டி, நாய் வளர்க்க அனுமதிச் சீட்டு வாங்குவேன். நாயின் சொந்தக்காரர் கணேசமூர்த்தி என்று அதில் எழுதியிருக்கும். என் பெயரை அரசாங்கம் எழுதியது அந்த ஒரு காகிதத்தில்தான். ஆகவே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கம்பவுண்டர் சுந்தரலிங்கம் கடைக்கு வந்தார். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளுக்கு மருந்து கலக்கிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வந்து குடியேறிய ஊரில் குதிரை இல்லாததால் நாய்களின் மேல் கண் வைத்திருந்தார்.

"முதலாளி, ஒரு இன்சூரன்ஸ் போடுங்க."

"அதெல்லாம் வேண்டாங்க. நான் செத்தாப் பணம் வரும்னு வீட்டுல தெரிஞ்சா..." உள்ளே பரிமளம் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. இருமினேன்.

"உங்களுக்கு இல்லீங்க. சிப்பாய்க்கு."

"நாய்க்கா?"

"மாசம் அம்பது சதம், அரை ரூபாதான். என்ன சீக்கு வந்தாலும் பார்க்கிறது, மருந்து எல்லாம் சும்மா. சீமையில நாய்க்கெல்லாம் போட்டாச்சுங்க."

"சீக்கு வரலேன்னா?"

"உங்களுக்குச் சந்தோஷம்தானே."

"அம்பது சதம்?"

"அது எனக்குச் சந்தோஷம்."

"போடலேன்னா?"

"ஒரு தடவை வந்து பார்க்க ரெண்டரை ரூபா." அரிசி மூட்டையின் மேல் படுத்திருந்த எங்கள் பூனையைப் பார்த்தார். "பூனைக்கு இருபத்தஞ்சு சதம் போதும்."

"சின்னதுங்கறதாலயா?"

"பூனை மருந்தைக் குடிக்காதுங்க. பாதி எனக்கு மிஞ்சிடும்."

நான் யோசித்துப் பார்த்தேன். நாய்க்கு நோய் வந்தால் எனக்கு லாபம். வராவிட்டால் அவருக்கு லாபம். பணத்தைக் கட்டிவிட்டு நஷ்டப்படாமல் இருக்க வேண்டுமானால், என் நாய்க்கு நோய் வர வேண்டுமென்று நானே சாமி கும்பிட வேண்டும். அது பாவம். பாவத்துக்கு மாதம் ஐம்பது சதம் அதிகம். அப்போதுதான் ஊதுபத்தியை ஏற்றினேன்.

பரிமளத்திடம் சொல்ல எனக்குப் பயம் இருந்தது. சிப்பாயைக் குட்டியாக மடியில் போட்டு எடுத்து வந்தவள் அவள். சண்டைக்குத் தயாராக, சோற்றில் கை வைக்காமல் ஆரம்பித்தேன்.

"நாய்க்கு இன்சூரன்ஸ் போடலைன்னு சொல்லிட்டேன்."

"கேட்டுச்சுங்க."

"நீ என்ன சொல்றே?"

"நீங்க சொன்னாச் சரிதாங்க."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நானோ இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னேன்.

அந்த வாரத்திலிருந்து காலையில் எனக்கு முட்டை வருவது நின்றது.

"முட்டை எங்கே?"

"கோழி வைக்கலைங்க. குளிரு."

"போன வருஷமும் இதே குளிருதானே?"

"போன வருஷம் கோழிக்கு ஒரு வயசு கம்மிங்க."

நியாயம்தான். என் முழங்காலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்தது. சிப்பாய் படுத்தது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிர்க்கடை வீரபத்திரன் எங்கள் வாசலைக் கடந்து போனபோதுகூடக் குரைக்கவில்லை. வீரபத்திரனைப் பார்த்துக் குரைக்காத நாய் சாகக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம். எனக்கே அவரைப் பார்த்தால் ஏதோ செய்யும்.

"கம்பவுண்டரைக் கூப்பிடலாமாங்க?" என்றாள் பரிமளம்.

"ரெண்டரை ரூபா."

"சரிங்க."

நானே வைத்தியம் பார்த்தேன். முதல் நாள் ஓமத் தண்ணீர். மறுநாள் வசம்பு. சிப்பாய் இரண்டையும் குடித்துவிட்டு, பாவம் மனிதர் முயற்சி செய்கிறார் என்பதுபோல் என்னைப் பார்த்தது.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் தெருவை மூடிப் பனிமூட்டம் இறங்கியது. வாடிக்கை யாரும் இல்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் சிப்பாய் கிடந்தது. குனிந்து பார்த்தேன். எப்போதும் நிற்கும் காதும் உட்கார்ந்துவிட்டிருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. கீழே உட்கார்ந்து அதன் தலையைத் தடவினேன்.

"டேய் சிப்பாய்," என்றேன் அதன் காதருகில். "அந்த அம்பது சதத்தைக் கட்டியிருக்கலாம்டா. தப்புப் பண்ணிட்டேன்."

பின்னால் ஏதோ மூட்டை அசைந்தது. பூனை என்று நினைத்தேன்.

மறுநாள் நான் கடை திறக்கும்போது சிப்பாய் எழுந்து நின்றது. அந்த ஒரு காதும் நின்றது. அதன் வாயருகே ஏதோ கசப்பு வாடை அடித்தது. வசம்பு மூன்றாம் நாள் இப்படித்தான் மணக்கும்போல என்று எண்ணிக்கொண்டேன். வீரபத்திரன் கடையைத் திறக்க வந்தார். சிப்பாய் குரைத்த குரைப்பில் அவர் குடையைச் சாக்கடையில் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே ஓடினேன். "பார்த்தியா? எல்லாம் ஓமத் தண்ணி செஞ்ச வேலை. ஒரு சதம் செலவில்லை."

"ஆமாங்க, செலவே இல்லை. வேண்டுதல் மட்டுந்தான் இருக்கு."

"என்ன வேண்டுதல்?"

"மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். நெனச்சது நடந்துட்டா ஆடி வெள்ளிக்கு மடிப்பிச்சை எடுத்துக் கூழு ஊத்தக் குடுக்கறதா. நடந்துருச்சுங்க."

"நல்ல காரியம். போய் எடு."

"நான் இல்லீங்க. நீங்க."

"நான் எதுக்கு?"

பரிமளம் சுவரில் கண்ணாடிக்குள் இருந்த நாய்ச் சீட்டை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஒரு மரக்கா அரிசியைக் கோயிலுக்கு அனுப்பிடறேன்," என்றேன்.

"கடையிலேர்ந்து எடுத்துக் குடுத்தா அது தர்மங்க. நாலு பேருகிட்டக் கேட்டு வாங்கினாத்தான் பிச்சை."

"இருமினாப் போதாதா?"

"வாயைத் தொறந்து 'தாயே, மடிப்பிச்சை'ன்னு கேக்கணும்."

"சரி. பட்டிப்பொல பக்கம் போய் எடுத்துக்கிட்டு வந்துடறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது."

"நம்ம தெருவுல ஏழு வீடுன்னு வேண்டியிருக்கேங்க."

"ஏன் அப்படி வேண்டினே?"

"நீங்க பட்டிப்பொல போவீங்கன்னு தெரியுங்க."

தப்பிக்க வழி இருந்திருக்கலாம். ஆனால் மாரியம்மனிடம் பாக்கி வைக்க எனக்குத் துணிவில்லை. அவள் என்னைப்போல் இருமிக்கொண்டு நிற்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மஞ்சள் வேட்டி. மேலே சட்டை கிடையாது. ஆடிக் காற்று என் விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. கையில் மஞ்சள் துண்டை ஏந்திக்கொண்டு, சுவரோரமாக, யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். சிப்பாய் கூடவே வந்தது. உடம்பு தேறிய உற்சாகத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று குரைத்து, எல்லாரையும் வெளியே கூப்பிட்டது.

முதல் வாசல் வீரபத்திரனுடையது. பரிமளம் வரிசையையும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தா..." என்றேன். இருமினேன்.

"என்ன கணேசமூர்த்தி, சளியா?"

"தாயே, மடிப்பிச்சை."

வீரபத்திரன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "வியாபாரம் இவ்வளவு மோசமாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"வேண்டுதலுங்க. நாய்க்கு."

"நாய்க்கா?" அவர் உள்ளே திரும்பி, வீட்டிலுள்ள எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தார். எல்லாரும் வந்து பார்த்த பிறகே ஒரு பிடி அரிசி போட்டார். பிச்சை அரிசியில் கல் பார்க்கக்கூடாது. பார்த்தேன். இருந்தது.

மூன்றாவது வீட்டு வாசலில் வேலாயி நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்திருந்தாள். அவள் எனக்கு மூன்று மாதப் பாக்கி தர வேண்டும். நான் மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்து சதக் காசை என் துண்டில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"முதலாளி, இதைப் பாக்கியில கழிச்சுக்காதீங்க. இது ஆத்தாளுக்கு."

நான்காவது, ஐந்தாவது வீடுகளில் எனக்குக் குரல் நன்றாக வந்துவிட்டது. ஆறாவது வீட்டில், இன்னும் கொஞ்சம் போடலாமே என்றுகூடக் கேட்டேன். கூச்சம் என்பது பழக்கம்தான்போல.

ஏழாவது வாசல் கம்பவுண்டர் சுந்தரலிங்கம் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து கை கழுவி, படி நிறைய அரிசி கொண்டுவந்து என் துண்டில் கொட்டினார். பெரிய மனசு. நான் சிப்பாய்க்காக அவரிடம் பணம் கட்டாததை நினைத்து வெட்கப்பட்டேன்.

அவர் குனிந்து சிப்பாயின் கண்ணை விரித்துப் பார்த்தார். "தேறிருச்சு. ஆனா அந்தப் பொடியை இன்னும் ரெண்டு நாளைக்கு விடாமக் குடுக்கச் சொல்லுங்க முதலாளி."

"எந்தப் பொடி?"

"வீட்டம்மாகிட்டக் குடுத்திருக்கேனே, அந்தக் கசப்புப் பொடி. பின்வாசல் வழியா ரெண்டு தடவை வந்து பார்த்தேனே, அம்மா சொல்லலையா?"

"நான்தான் இன்சூரன்ஸ் போடலையே?"

"நீங்க போடலை. அம்மா அன்னிக்கு மத்தியானமே போட்டுட்டாங்க. காசுக்குப் பதிலா முட்டை. வாராவாரம் தவறாம வந்துடும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து வந்த மணத்தைக் கவனித்தேன். முட்டைப் பொரியல். வயதாகிக் குளிரில் முட்டை வைக்காமல் போன என் கோழியின் முட்டை.

கோயிலில் துண்டை அவிழ்த்துக் கொட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். பரிமளம் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சிப்பாயைப் பிழைக்க வெச்சது கம்பவுண்டர் பொடி."

"ஆமாங்க."

"ஓமத் தண்ணி இல்லை."

"அது குடுத்ததுல ஒரு நாள் கூடுதலாப் படுத்துருச்சுங்க."

"அப்ப ஆத்தா எதுக்கு? வேண்டுதல் எதுக்கு? நான் இந்தத் தெருப் பூரா வெறும் உடம்போட நின்னது எதுக்கு?"

பரிமளம் பால் செம்பைக் கீழே வைத்தாள்.

"நாய் பிழைக்கக் கம்பவுண்டர் போதுங்க. அதுக்குப் போய் ஆத்தாளைத் தொந்தரவு பண்ணுவேனா? நான் வேண்டிக்கிட்டது வேற."

"என்ன?"

"'தப்புப் பண்ணிட்டேன்'னு உங்க வாயால ஒரு தடவை வரணும்னு. அது மனுஷரால ஆகிற காரியமாங்க? அன்னிக்குச் சாயங்காலம் மூட்டைக்குப் பின்னால நின்னு கேட்டேன். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஆத்தா சக்தியுள்ளவதான்."

நான் பூனையைப் பார்த்தேன். அதன்மேல் எந்தத் தப்பும் இருந்ததில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லாவைத் திறந்தேன். பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐம்பது சதத்தை எண்ணிப் பரிமளத்தின் கையில் வைத்தேன்.

"இனிமே நானே கட்டறேன். கோழியை எனக்கு விட்டுடு."

அவள் கையை மூடவில்லை. "இன்னும் இருபத்தஞ்சு சதங்க."

"எதுக்கு?"

"பூனைக்கு."

"பூனை மருந்து குடிக்காதுன்னு கம்பவுண்டரே சொன்னாரு. அதுக்கெல்லாம் கட்ட முடியாது. இதுல நான் சொன்னது சொன்னதுதான்."

"சரிங்க," என்றாள் பரிமளம். "நீங்க சொன்னாச் சரிதாங்க."

இருபத்தைந்து சதத்தையும் எண்ணி வைத்தேன்.