என் கம்பெனி கெடாது

என் லேப்டாப்பைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மனைவிக்கு அடுத்தபடி நான் நேசிப்பது அதைத்தான். கோல்டு ஸ்டோரேஜில் ராத்திரி முழுக்க குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. விடிந்து வீடு திரும்பினால் ஊரே வேலைக்குக் கிளம்பிவிடும். அப்புறம் எனக்குப் பேச்சுத்துணை அந்த லேப்டாப்தான். கல்யாணமான புதிதில் வாங்கியது. ஒருநாள்கூடப் படுத்ததில்லை. 'வாங்கினா இந்தக் கம்பெனிதான் வாங்கணும்' என்று நான் பிரசங்கம் செய்யாத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

அதே கம்பெனி இப்போது புதுசு ஒன்று விட்டிருக்கிறது. தட்டு மாதிரி மெலிசு. அதைப் பார்த்ததிலிருந்து பகல் தூக்கமும் போச்சு.

"ஏம்மா, பழசை மாத்திடலாமா?"

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது."

"வயசாயிடுச்சுல்ல."

"உங்களுக்கும்தான் ஆயிடுச்சு. மாத்தவா செஞ்சேன்?"

"அது வேற..."

"பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்னு சொன்னது யாரு?"

நான்தான். அதுவும் அவளுடைய அண்ணன் முன்னால்.

ஆகவே சதி. காலையில் படுக்கப் போகுமுன் லேப்டாப்பின் அடிவயிற்றைத் திறந்தேன். மெமரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"உயிரே வரலைம்மா" என்று முகத்தைத் தொங்கவிட்டேன்.

"நீங்க தூங்குங்க. எழுந்து பார்த்துக்கலாம்" என்று போர்வையை இழுத்து விட்டாள்.

சாயங்காலம் எழுந்தால், மேஜைமேல் அது ஓடிக்கொண்டிருந்தது. முன்பைவிட வேகமாக. சட்டைப்பையைத் தடவினேன். மெமரி என்னிடமேதான் இருந்தது.

புல்லரித்துவிட்டது. மூளையைக் கழற்றினாலும் யோசிக்கிற கம்பெனி. சதி தோற்ற வருத்தம்கூட இல்லை. இந்த அதிசயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

"தம்பி, இதுல மெமரியே இல்ல. ஆனா ஓடுது பாரு."

"இருக்கேண்ணே. மத்தியானம் நான்தானே போட்டேன். அண்ணி கொண்டாந்தாங்க."

"யாரு?"

"நம்ம அண்ணிதான். போன வருஷம் ஸ்க்ரீன் மாத்தினோம். அதுக்கு முன்னாடி கீபோர்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க்... நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள வேணும்னு இங்கயே நிப்பாங்க."

"அப்ப என் கம்பெனியோடதுன்னு இதுல என்னதான் இருக்கு?"

கடைக்காரத் தம்பி லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேல் மூடி இருக்குண்ணே. கம்பெனி பேரு இருக்குல்ல, அதை மட்டும் அண்ணி மாத்த விடல."

வீட்டில் அவள் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"எதை?"

"மூடி மட்டும்தான் மிச்சம்னு."

டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ராத்திரி பூரா தனியா உக்காந்துட்டு, செத்துப்போன முகத்தோட வர்றீங்க. அந்தக் கம்பெனியைப் பத்திப் பேச ஆரம்பிச்சாத்தான் முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வருது. அதையும் அணைக்கச் சொல்றீங்களா?"

அவள் கையை நீட்டினாள்.

"பையில இருக்கற மெமரியைக் குடுங்க. பின்னாடி ஆகும்."

"தெரியுமா?"

"போர்வை போர்த்தும்போதே பார்த்தேன். எடுத்தா முழிச்சுக்குவீங்கன்னுதான் வேற வாங்கிப் போட்டேன்."

கொடுத்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே.

"இப்பதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. புதுசு வாங்கிடலாமா?"

"தாராளமா. இது கெட்டுப்போற அன்னிக்கே வாங்கிடலாம்."

"எப்பக் கெடும்?"

"நான் இருக்கற வரைக்கும் கெடாது."

"நீ நூறு வயசு இருக்கணும்மா" என்றேன், மனசாரத்தான்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது: புதுசுக்கு நானே சங்கு ஊதிவிட்டேன்.