பாதுகாவலர் கையொப்பம்

பேரன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணிக்கு இருமல் குறைந்ததா? உங்களுக்குச் சர்க்கரை அளவாக இருக்கிறதா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே, இவள் எதற்குத் திடீரென்று ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று இந்நேரம் பக்கங்களை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "சரி சரி, மாப்பிள்ளைகிட்ட குடு" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து, முழுவதும் படியுங்கள்.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் இங்குள்ள கல்லூரிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். பெரியவளைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அவளை இல்லை. என்னை. நாற்பத்து மூன்று வயதில் உங்கள் தங்கை பி.ஏ. பொருளாதாரம், முதலாம் ஆண்டு, கடைசி பெஞ்சு. தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று எட்டு மாதமாக உங்களிடம் சொல்லிவந்தது பொய். அந்த எட்டு மாதத்தில் நான் ஒரு பொத்தான்கூடத் தைக்கவில்லை என்பதை அண்ணி நிச்சயம் கவனித்திருப்பார். பகலில் நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் நான் கட் செய்ததும் திமிரினால் அல்ல. வகுப்பில் போன் எடுத்தால் பறித்துக்கொள்வார்கள், அண்ணா.

முதல் நாளிலிருந்தே சொல்கிறேன், அப்போதுதான் புரியும். அன்று நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அறுபது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி ஓடிப்போய்க் கரும்பலகையைத் துடைத்துவிட்டு என் கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்வது என் பழக்கம், வாங்கிக்கொண்டேன். "உக்காருங்க" என்றும் சொல்லிவிட்டேன், பாவம் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து உண்மையான மேடம் உள்ளே வந்தார். இருபத்தொன்பது வயதுதான் இருக்கும். என்னையும் என் கையிலிருந்த சாக்பீஸையும் பார்த்து, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணுங்கம்மா" என்றார். நான் வெளியே போய் அரை மணி நேரம் வெயிட் பண்ணினேன். அப்புறம்தான் நான் பேரன்ட் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

பெரியவள் அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்குள் நாங்கள் இருவரும் யாரோ எவரோ என்பது அவள் போட்ட ஒப்பந்தம். வீட்டு வாசலில் இருந்தே பத்தடி முன்னால் நடப்பாள். ஆனால் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வந்துவிட்டு, என் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, என் டிபன் பாக்ஸ் உங்க பையில இருக்கா?" என்று கேட்டாளே பார்க்கலாம். வகுப்பே என்னை ஆன்ட்டி என்றுதான் ஆரம்பத்தில் கூப்பிட்டது. ஒரு மாதத்தில் அக்கா ஆனேன். இப்போது "மச்சி, நோட்ஸ் குடு" என்கிறார்கள். இதே வேகத்தில் போனால் டிகிரி வாங்குவதற்குள் என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள்.

வீட்டில் மட்டும் குறைச்சலா? மருந்துக் கடையில் இருந்து இருந்து உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாமே மருந்துச் சீட்டுதான். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். சமையல்: 1-0-1. பாத்திரம்: 0-1-1. வாலுவின் வீட்டுப்பாடம்: இரவு, உணவுக்குப் பின். (வாலு என்பது உங்கள் சின்ன மருமகள்தான். பன்னிரண்டு வயதாகியும் பெயர் மாறவில்லை.) தாள் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் எழுத்துக்கு அதில் ஒரு வேளைகூட இல்லை. "எழுத்த எங்க போடுறது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேவைப்படும்போது" என்று எழுதினார், தலைவலி மாத்திரைக்கு எழுதுவதுபோல. மாத இதழில் மூன்று பகுதிகளாக என் குறுநாவல் வருகிறதல்லவா, அதில் இரண்டு பகுதிகளைக் குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டேதான் எழுதினேன். ஒரு பத்திக்கு இரண்டு விசில். அதனால் சீக்கிரம் வேகும் நாட்களில் பத்திகள் சின்னதாக இருக்கும். "நடை இறுக்கமாக வந்திருக்கிறது" என்று இதழாசிரியர் பாராட்டினார்.

இப்போது இந்தச் சிக்கலுக்கெல்லாம் காரணமான இரண்டு கடிதங்களின் கதைக்கு வருகிறேன். போன மாதம் மாமியாருக்கு மூட்டு வலி. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் எனக்கு இரண்டு நாள் கல்லூரி போச்சு. அதே இரண்டு நாள் வாலுவுக்கு வயிற்றுப்போக்கு, அவளும் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, தாளிக்கிற அவசரத்தில் இரண்டு விடுப்புக் கடிதமும் எழுதி, மடித்து, ஒன்றை அவள் பையிலும் ஒன்றை என் பையிலும் போட்டேன். எது எந்தப் பை என்று பார்த்துப் போட்டிருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் வாலுவின் டீச்சர் கடிதத்தைப் பிரித்தால், "என் மாமியாருக்கு மூட்டு வலி அதிகமானதால் என்னால் வகுப்புக்கு வர இயலவில்லை" என்று இருக்கிறது. "உன் மாமியாருக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவள் கொஞ்சமும் அசராமல், "பரவாயில்ல மிஸ், ஆனா ரொம்பப் படுத்துறாங்க" என்றாளாம்.

என் நிலைமைதான் மோசம். மேடம் வகுப்பிலேயே வாய்விட்டுப் படித்தார். "என் மகளுக்கு வயிற்றுப்போக்கு. இன்னும் இரண்டு நாளைக்கு அவளை ஓட விட வேண்டாம்." அறுபது பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரோட அம்மா எழுதினது இது? அவங்கள வரச் சொல்லுங்க."

"வந்திருக்கேன் மேடம்" என்று எழுந்தேன்.

"நீங்க எழுதினதா? அப்ப பொண்ணு எங்க?"

"ஸ்கூல்ல இருக்கா மேடம்."

"ஸ்கூல்ல இருக்கிற பொண்ணுக்கு இங்க எதுக்கு லீவு?"

நியாயமான கேள்வி. மேடத்துக்குச் சந்தேகம் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். எழுபத்தொரு சதவீதம். எழுபத்தைந்து இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, பாதுகாவலர் நேரில் வந்து மன்னிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. சரி, போட்டால் போகிறது என்று அன்று உட்கார்ந்தேன். அடங்கி இருந்தேனா என்றால் இல்லை. மறுநாளே மூன்றாவது பீரியடில், தேவையும் அளிப்பும் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, மேஜைக்குக் கீழே நோட்டை வைத்து மூன்றாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். விசில் இல்லாத இடத்தில் எழுத்து எப்படி ஓடுகிறது தெரியுமா! மேடம் பக்கத்தில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. நோட்டும் போய்விட்டது. அதுவும் பாதுகாவலர் வந்தால்தான் திரும்பக் கிடைக்குமாம். மாதக் கடைசிக்குள் அந்தப் பகுதியை இதழுக்கு அனுப்பியாக வேண்டும்.

"இதுக்கு எதுக்கு அண்ணன், புருஷன் இல்லையா?" என்று கேட்பீர்கள். உங்கள் மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமையே வந்தார். வகுப்பறை வாசனை பட்டதும் மனிதருக்கு முப்பது வருடத்துப் பயம் திரும்ப வந்துவிட்டது. கைகட்டி நின்றுகொண்டு, "இனிமே இப்படி நடக்காது மேடம், வீட்ல கண்டிச்சு வைக்கிறேன்" என்றார். வெளியே வந்து அவ்வளவு சந்தோஷமாக டீ குடித்தார். ஆனால் அவர் கையெழுத்தை அலுவலக எழுத்தர் ஏற்கவில்லை. என் ஃபைலில் பாதுகாவலர் என்று இருப்பது உங்கள் பெயர். சேரும்போது பழைய மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தேனே, அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். "ஃபைல்ல இருக்கிற கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகணும்மா" என்று சொல்லி, எழுத்தர் அந்தச் சான்றிதழுக்காக இதே கல்லூரியில் அன்று கொடுத்த பழைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய தாள், அண்ணா. "மேற்படி மாணவியின் படிப்பை நிறுத்திக்கொள்ள விரும்புகிறோம்." கீழே உங்கள் கையெழுத்து. மின்சாரக் கட்டண ரசீதையே முன்னும் பின்னும் மூன்று முறை படிக்கிற ஆள் நீங்கள். அந்தத் தாளை நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். படித்திருந்தால் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வரும்போது, "படிப்பு எங்க ஓடிப்போகப் போகுது" என்றீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். அது எங்கேயும் ஓடவில்லை. அதே கட்டடத்தில், அதே பச்சை ஜன்னலுக்குப் பக்கத்தில், அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான்தான் திரும்பி வர இத்தனை நாளாக்கிவிட்டேன்.

உங்கள் மேல் பதினோரு வருடம் கோபமாக இருந்தேன். அப்புறம் வாலு பிறந்தாள், கோபப்பட நேரம் கிடைக்கவில்லை. இந்த வருடம் கல்லூரியில் சேரப்போவதை மாமியாரிடம் பயந்து பயந்து சொன்னபோது, அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அன்னைக்கே படிச்சிருக்கலாமே. நாங்க எப்ப வேணாம்னோம்? எங்கள யாரும் கேக்கவே இல்லையே!" நிஜமாகவே நாம் யாரும் கேட்கவில்லை, அண்ணா. மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்கள், நீங்கள் விசாரித்திருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்கச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். நீங்கள் அந்தக் கையெழுத்தைப் போட்டபோது அப்பா போய் ஐந்து மாதம், வீட்டுப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில், உங்களுக்கு இருபத்தாறு வயது. இங்கே இருபது வயதுப் பெரியவள் எந்தச் செருப்பைப் போடுவது என்று முடிவெடுக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். அவளைப் பார்க்கும்போது உங்களை நினைத்துக்கொள்கிறேன். கோபம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கல்லூரிக்கு வந்து தெரிந்துகொண்டால் வருத்தப்படுவீர்கள். மேடம் அந்த நோட்டைப் படித்துவிட்டார். கதையில் ஓர் அண்ணன் வருகிறார், தங்கையின் படிப்பை நிறுத்திக் கையெழுத்துப் போடுகிறார். அது நீங்கள் இல்லை. அவர் கண்ணாடி போட்டிருப்பார். நீங்களும் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அவருடையது கறுப்பு பிரேம். ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு மேடம் கேட்டார், "கடைசியில அந்த அண்ணன் என்ன பண்ணுவாரு?"

"தெரியல மேடம், அவரக் கேட்டாத்தான் தெரியும்" என்றேன். நான் மூன்று வாரமாக நிற்பது அந்த இடத்தில்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமை எப்படியாவது வந்துவிடுங்கள். அடையாள அட்டை வேண்டும். மேடம் ஏதாவது கேட்டால் கைகட்டி நிற்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே ஒருவர் நின்றாயிற்று. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எல்லாத் தாளிலும் தேறிவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, புள்ளியியலைத் தவிர. அதையும் வாலு சொல்லிக் கொடுக்கிறாள். அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் என்னை வாழ்த்த வேண்டும், திட்டுவதாக இருந்தால் பரீட்சைக்குப் பிறகு திட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
(முதலாம் ஆண்டு, பி பிரிவு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் எழுத்தர் போன் செய்தார். இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பாதுகாவலரே தேவையில்லையாம், விதிப் புத்தகத்தை இன்றுதான் திறந்து பார்த்தாராம். நானே போட்டுக்கொள்ளலாம், உடனே ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஹால் டிக்கெட் உறுதி. நோட்டையும் மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார், பத்துக்கு ஏழு மதிப்பெண், முடிவு இல்லாததால் மூன்று குறைவு. ஆகவே நீங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் அந்தப் படிவத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உங்கள் பெயர் போட்ட கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் எழுத்தர் "தேவையில்லை" என்று பென்சிலால்தான் எழுதியிருக்கிறார். வாலுவிடம் நல்ல ரப்பர் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பத்து மணி. மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், அண்ணா. இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.