மேல்கட்டில் கொண்ட படலம்

வாழ்க மிண்டி பெர்ல்மட்டர்! நியூஜெர்சி நாட்டுக் கோணற்பற்களையெல்லாம் கம்பியால் கட்டி நேர்நிறுத்தும் கோமகள், மூன்று பிள்ளைகளைப் பெற்றும் முகாம்பாட்டு மறவாத மூதாட்டி ஆகாத மூத்தவள், ஐம்பது கோடைகளுக்கு மேல் கண்டும் அவற்றுள் ஆறே ஆறுதான் கோடை என்று கருதுபவள், அவள் பெயரை முன்வைத்து இப்பெரும்போரைச் சொல்லத் தொடங்குகிறோம். மெய்ன் நாட்டுக் கொசுக்களே, சற்று வழிவிடுங்கள். பைன் மரங்களே, செவி சாயுங்கள்.

எந்த மொழிச் சொல் என்று அதைச் சூட்டிய நிறுவனராலேயே சொல்ல முடியாத 'வானபாசிட்' என்னும் திருப்பெயர் தாங்கியது மெய்ன் நாட்டின் அந்தச் சிறுமியர் கோடை முகாம். பெற்றோர் ஜூன் கடைசியில் பிள்ளைகளைக் கண்ணீரோடு இறக்கிவிட்டு, முதல் வளைவு திரும்பியதும் காருக்குள் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு பறந்துவிடும் அந்த ஏரிக்கரையில், 'கரடி' என்று ஒரு மரக்குடில். அதற்குள் வரிசையாக அடுக்குக் கட்டில்கள். அவற்றுள் ஏரியைப் பார்த்த சன்னலோரத்து மேல்கட்டில் ஒன்றே அரியணை. மற்றவை வெறும் பலகைகள். லூன் பறவையின் கூவல் அங்கே படுத்தவளுக்கே முதலில் கேட்கும். கீழே படுத்திருப்பவளின் மூக்குக்கு நேரே ஈர நீச்சலுடையைத் தொங்கவிடும் உரிமையும் அவளுக்கே உண்டு.

அரியணை ஏறுவதற்குச் சட்டம் ஒன்று இருந்தது. எங்கும் எழுதப்படாதது, எவரும் மீறாதது. பெட்டியை வைத்தால் செல்லாது. தலையணையை வீசினால் செல்லாது. ஆளே ஏறிப் படுத்துவிட்டாலும் செல்லாது. தன் படுக்கைச் சுருளைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை முழுதாக விரித்தவள் எவளோ, அவளே அதிபதி.

அந்தோ, மிண்டியின் தந்தையார்! வழியில் தென்படும் பழஞ்சாமான் கடை ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, ஓடாத கடிகாரங்களை ஓடுமா ஓடுமா என்று விசாரிக்கும் நல்லியல்பினர். ஆகவே ஆறு கோடைகளிலும் மிண்டி குடிலுக்குள் நுழைந்தபோதெல்லாம் அவளை வரவேற்றவை, அரியணையிலிருந்து தொங்கிய ஷெரில் கப்லோவிட்ஸின் இரு கால்களே. அந்தக் கால்களை அவள் தன் திருமணத்தன்றும் நினைத்தாள். முதல் பிரசவ வலியிலும் நினைத்தாள் என்று அவள் கணவரே சொல்வார்.

காலம் உருண்டது. ஷெரில் பாஸ்டனில் நீதிபதியானாள். முகாமோ, நல்ல விடுதியில் தங்குவதைவிடக் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, கட்டைவிரல் கனமுள்ள மெத்தையில் பழைய சிறுமியரைப் படுக்கவைக்கும் 'முன்னாள் முகாமியர் வாரயிறுதி' என்னும் அறப்பணியைத் தொடங்கியது. செய்தி கேட்ட கணமே மிண்டி சூளுரைத்தாள். விடியுமுன் புறப்பட்டாள். பழஞ்சாமான் கடைகள் இருபுறமும் கைநீட்டி அழைத்தன. தந்தையின் இரத்தம் உடலில் ஓடியும், பிரேக்கின் மேல் அவள் கால் படவில்லை.

முகாம் வாசலில் சரளைக்கற்கள் சிதற இரு கார்கள் ஒரே கணத்தில் நின்றன. ஒன்றிலிருந்து மிண்டி இறங்கினாள். மற்றொன்றிலிருந்து ஷெரில்.

"என்னடி, ஒருத்தியா வந்துட்டே! உங்கப்பா வழியில கடிகாரம் வாங்கப் போயிட்டாரா?"

"அப்பா செத்து மூணு வருஷம் ஆச்சுடி."

"ஐயோ, தெரியாதே… ரொம்ப நல்ல மனுஷன்" என்று நெஞ்சில் கைவைத்த நீதிபதி, அந்தக் கை கீழிறங்கும் முன்னரே ஓடத் தொடங்கினாள்.

ஓடினர் இருவரும்! சினங்கொண்ட பிடியானைகள் சோளக்காட்டை உழக்கிச் செல்வதுபோல், கொசுவிரட்டித் தைலம் பின்னே மணக்க, உணவுக்கூடத்தைச் சுற்றி, கொடிக்கம்பத்தைத் தாண்டி ஓடினர். முந்தினாள் மிண்டி. கட்டில்காலில் அறைந்த மரப்படிகளில் ஏறினாள். அரியணையில் மண்டியிட்டுச் சுருளைக் கிடத்தினாள். கயிற்றைத் தொட்டாள்.

கயிறு அவிழவில்லை.

முந்தைய நாள், பத்து வயதில் தனக்குப் பதக்கம் வாங்கித் தந்த முகாம் முடிச்சை, எல்லோரும் கண்டு வியக்கட்டும் என்று மூன்றடுக்காகப் போட்டிருந்தாள் அப்பேதை! கட்டத் தெரிந்த கை அவிழ்க்க மறந்திருந்தது. இதற்குள் மூச்சிரைக்க வந்த ஷெரில், கால்மாட்டுப் பக்கமாக ஏறி, கடையிலிருந்து புதிதாக வாங்கிய தன் சுருளை ஒரே இழுப்பில் பிரித்தாள். அது பாதிக் கட்டில்வரை பாய்ந்து, மிண்டியின் முழங்காலில் முட்டி நின்றது.

கீழ்க்கட்டிலில் உப்பு பிரெட்ஸெல் கொறித்துக்கொண்டிருந்த ராபின் என்னும் பழைய தோழி, தானே தன்னை நடுவராக நியமித்துக்கொண்டு முழங்கினாள்: "பாதி விரிச்சா செல்லாது! இன்னும் அது யாருக்கும் இல்ல!"

"நகருடி மிண்டி. உன்னால முடியாது, விட்டுடு."

"உன் காலையே பாத்துப் பாத்து வளந்தவடி நான். இன்னிக்கு நீ என் காலைப் பாரு!"

என்று அறைகூவி, தன்னிடம் வரும் குழந்தைகள் எல்லோரிடமும் 'பல்லால எதையும் பிரிக்கக் கூடாது கண்ணு' என்று நாள்தோறும் ஓதும் அந்தப் பல்மருத்துவ மாமணி, குனிந்தாள், வாய் திறந்தாள், முடிச்சைக் கவ்வினாள்! வரிப்புலி மானின் கழுத்தைக் கவ்வி உலுக்குவதுபோல் உலுக்கினாள்! முன்பல்லின் ஓரம் உதிர்ந்தது. உதிரட்டும், புண்படாத வீரரை எவர் பாடுவார்? முடிச்சு தளர்ந்தது. சுருள் சீறி விரிந்து, ஷெரிலின் புதுச்சுருளையும் அதன் மேலிருந்த ஷெரிலையும் ஒருங்கே மூடிக் கால்மாட்டைத் தொட்டது.

"மிண்டிக்குத்தான்!" என்றாள் ராபின்.

"நான் அப்பீல் பண்ணுவேன்" என்றது விரிப்பின் அடியிலிருந்து ஒரு குரல்.

"கோர்ட்டுல போய்ப் பண்ணிக்கோ. இங்க நான் சொன்னா சொன்னதுதான்."

நீதிபதி தோற்றுக் கீழிறங்கினாள். ஏரி வெள்ளித்தகடாய் விரிய, லூன் ஒன்று தொலைவில் கூவி வாழ்த்த, பைன்காற்று சாமரம் வீச, ஆறு கோடைகளின் இழிவு துடைத்த வெற்றிச்செல்வி, அடுக்குக்கட்டில் அரசி, முன்பல் உதிர்த்த முகாம்மறத்தி, தன் இரு கால்களையும் ஷெரிலின் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டு வீற்றிருந்தாள், வீற்றிருந்தாள், வீற்றிருந்தாள்.

அரைமணி கழித்து அவளுக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது, ஷெரில்தான் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள்.