கீழே இறங்காதவர்

எங்கள் மலையூரை, கீழே சமவெளியில் இருக்கும் தூரின் என்ற நகரத்தின் மாநகராட்சியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். மருந்துக்கடைக்காரி சொன்னதாக ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். மெய்யோ பொய்யோ, அதைக் கேட்டதும் துள்ளி எழுந்த ஒரு ஜீவராசியை உங்களுக்கு அறிமுகம் செய்தாக வேண்டும்: கீழே இறங்காதவர்.

எங்கள் ஊரில் அவர் பெயர் ஒத்தோரினோ. தூரின் என்ற பெயரே அவர் வாயில் வராது, 'கீழே' என்பார். கீழே புகை, கீழே திருட்டு, கீழே காப்பியில் ருசி கிடையாது. முப்பது வருஷம் அங்கேதான் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அதைச் சிறைவாசம் போலச் சொல்வார். அவருடைய ஓய்வூதியமும் கண்ணாடியும் பல்செட்டும் எங்கிருந்து வந்தன? கேட்காதீர்கள்.

பனிக்காலத்தில் அவரைப் பார்க்க வேண்டும். சமவெளியை மூடுபனி நிரப்பி, மாநகரம் முழுவதும் அதற்குள் அமிழ்ந்து, எங்கள் தலைமேல் மட்டும் வெயில் அடிக்கிற காலைகளில், காப்பிக்கடை வாசலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலை நீட்டி, ஒரு மிடறு உறிஞ்சி, "இன்னிக்கு டவுனையே காணோம்!" என்று அறிவிப்பார். சொர்க்கம்.

இங்கே குழந்தை பிறந்தால் தேவாலய மணி அடிப்பது வழக்கம். மணிக்கூண்டுச் சாவி ஒத்தோரினோவிடம். மலையில் பிறந்தால்தான் மணி என்பது அவர் போட்ட சட்டம். பிரசவமெல்லாம் கீழே ஆஸ்பத்திரியில் நடக்கிற காலம் இது. மணிக்குள் புறா குடித்தனம் நடத்துகிறது.

இப்போது அவருடைய சொந்த மகள் நிவெஸ் கீழே பிரசவ அறையில் இருக்கிறாள். "என் பிள்ளைக்கு மணி அடிப்பியாப்பா?" என்று நேற்றுக் கேட்டாள். "மேல வந்து பெத்துக்கோ" என்றார். "அப்போ பிள்ளையை மேல கொண்டுவரவே மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

காப்பிக்கடை தெல்ஃபீனா விடுவாளா?

"என்ன மாமா, பேரப்பிள்ளைக்கு மணி கிடையாதாமே?"

"கீழ பொறந்தது நம்ம ஊர்ப் பிள்ளை ஆயிடுமா? இன்னிக்கு மணியை விட்டா, நாளைக்குக் கீழ இருக்கிறவன் ஊரையே அள்ளிக்கிட்டுப் போயிடுவான்."

"நீங்க எங்க பொறந்தீங்களாம்? உங்கம்மா கீழ ஆஸ்பத்திரியில பெத்து பஸ்ஸுல தூக்கிட்டு வந்தாங்கன்னு எங்கம்மா சொல்லுமே!"

"அது... பனி கொட்டிச்சு. மருத்துவச்சியால மேல வர முடியல."

"அவளால வர முடியல, உங்கம்மாவால மட்டும் வயித்தோட இறங்க முடிஞ்சுதா?"

"எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லம்மா!"

"சரி, உங்களுக்கு மணி அடிச்சாங்களா, இல்லையா?"

"...அடிச்சாங்க."

கடையே சிரித்தது.

நீங்களும் சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பிழைப்பு ஓரிடம், பெருமை வேறிடம் என்று பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஊர்க் குழாயில் தண்ணீர் குடித்தபடியே 'எங்க ஊர்த் தண்ணி மாதிரி வருமா' என்று கேட்கிறவர் உங்கள் வீட்டில் யாருமில்லையே? அவர் இப்போது இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கவில்லையே?

இதோ, மேசைமேல் ஒத்தோரினோவின் போன் அடிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நிவெஸ்.

"எடுங்க மாமா!" என்கிறாள் தெல்ஃபீனா.

அவருடைய ஒரு கை கோட்டுப் பைக்குள் சாவியைப் பிடித்திருக்கிறது. மறு கை போனுக்கும் காப்பிக்கும் நடுவில் நிற்கிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.