இரைச்சல் போச்சு, கரெண்டு வந்துச்சு

ஒரு குடும்பத்தில் 'சிஸ்டம் தெரிஞ்ச பிள்ளை' என்று ஒருவன் இருந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வேறு சத்துரு தேவையில்லை. இதை நான் மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பிள்ளை நான்தான்.

எங்களுக்கு சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஆனால் ஊருக்குள் நுழையும்போது கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் லேப்டாப் பையும் தொங்கும். ஊரில் யாருடைய போன் மக்கர் செய்தாலும் என்னிடம் வரும். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அதை அணைத்து, மறுபடி போட்டுக் கொடுப்பேன். (அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.)

அந்த வருஷம் நைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார், பிறகு கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது என்றார். கடைசியில் திருப்பதிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கட்டி முற்றிவிட்டது, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார். "பிராணானிக்கி பயம் லேது. மாட்ட மாத்ரம் ராது" என்று தெலுங்கில் அவர் பொறுமையாகத்தான் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் வராது. நைனா தலையை ஆட்டிவிட்டு எழுந்தவர் பஸ் ஸ்டாண்டு வரை வாயே திறக்கவில்லை.

"இன்னா நைனா, பேச மாட்டன்ற?" என்றேன்.

"பேசாம இருக்கறதுக்குப் பழகிக்கினு இருக்கேன்டா" என்றார்.

நைனாவின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழனி மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரெண்டு, வீட்டுக் கரெண்டு மாதிரி எந்நேரமும் இருப்பதில்லை. அது வரும்போது வரும். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே சுவரில் மூன்று சின்ன பல்புகள் மாட்டியிருக்கும். மூன்றும் எரிந்தால் த்ரீ பேஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். நைனா உடனே வாசலில் போய் நின்று "கரெண்டு வந்துச்சேய்!" என்று ஒரு சத்தம் போடுவார். அது கடைசிக் கழனி வரைக்கும் போகும். ஊரில் பாதிப் பேர் தானாக ஓடும் ஸ்டார்ட்டர் மாட்டிய பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. அவர் கத்தாமல் மோட்டார் ஓடினால் தண்ணீரே சரியாக வராது என்று கேலி செய்வார்கள். தொண்டை கட்டிய பிறகு பல்பு எரிந்தால் எழுந்து நிற்பார், தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நாள் குறித்ததும் தடாவிலிருந்து என் தங்கை கௌரி போன் செய்தாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள்.

"அண்ணா, என் கொழந்த நைனா கொரலையே கேக்காம பூடும்ணா. எதனா பேசச் சொல்லி போன்ல வீடியோ எடுத்து வையி. நா நேரா திருப்பதிக்கு வந்துடறேன்."

போனிலா? எனக்குக் கேட்கவே கூசியது. லேப்டாப் வைத்திருப்பவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? "போன்ல கிளாரிட்டி இருக்காது. நா லேப்டாப்ல எடுக்கறேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற முடியும் என்றால் என் கழனி பாகத்தை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள் காலை. அடுத்த வீட்டு முனிரத்தினம் மாமாவின் காரில் போவதாக ஏற்பாடு. நைனா வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு லேப்டாப் முன்னால் வந்து குந்தினார். எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நைனா பேசுகிறார். அவர் பேச்சுக்கு அடியில் 'ங்ங்ங்ங்' என்று ஒரு சத்தம், டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி.

மாமாவின் மோட்டார்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டு ஓடினேன்.

"மோட்டார நிறுத்தறதா? வேர்க்கல்லைக்கி தண்ணி பாஞ்சிக்கினு இருக்குதுடா. கரெண்டு பூட்ச்சின்னா திரும்ப எப்ப வருமோ" என்றார் மாமா. பிறகு என்ன நினைத்தாரோ, "சரே, உங்க நைனாவுக்காகத்தான்" என்று போய் நிறுத்தினார்.

'ங்ங்ங்ங்' நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன். பிரிட்ஜை நிறுத்தினேன். டியூப் லைட்டை அணைத்தேன். கோழிகள் மேல் சந்தேகம் வந்து, அவற்றைத் துரத்த அம்மாவை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். நைனாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் "இன்னொரு வாட்டி நைனா" என்றேன். அவரும் முதலிலிருந்து பேசினார். இரைச்சல் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அழித்தேன். ஒவ்வொரு தடவைக்கும் அவர் குரல் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வந்தது. அதை நான் கவனித்தேன் என்று எழுத ஆசைதான். நான் கவனித்தது வண்டை மட்டும்தான்.

நடுவில் கௌரி போன் செய்து, "சார்ஜரப் புடுங்கிட்டு எடுத்துப் பாரேண்ணா" என்றாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது. வை போன" என்றேன்.

(அவளுக்குப் புரிந்திருந்தது. சத்தம் சார்ஜரிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டுப் பிளக்கில் எர்த் கிடையாது. சார்ஜரின் மூன்றாவது காலை, இரண்டு ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் ஒயரில் நுழையவில்லை என்று நானே முன்னொரு நாள் உடைத்துப் போட்டிருந்தேன். பேட்டரியும் செத்துப்போய் வெகு காலம். சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப் அணைந்துவிடும். இதை அவளிடம் சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.)

கடைசியாக ஒரு தடவை நைனா பேசினார். இதுவரை பேசியது போல் இல்லை. அவசரப்படாமல், லேப்டாப் மேல்விளிம்பில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணைப் பார்த்து, பிறக்கப்போகும் குழந்தையிடமே பேசுகிற மாதிரி நெடுநேரம் பேசினார். ஒரு இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு இடத்தில் சிரித்தார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'ங்ங்ங்ங்' கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை மட்டும் அழிக்கவில்லை. போனில் தேடியதில், இரைச்சலை நீக்குவது எப்படி என்று ஒரு பையன் தெலுங்கில் விளக்கும் வீடியோ கிடைத்தது. முதலில் யாரும் பேசாமல் வெறும் இரைச்சலை மட்டும் கொஞ்சம் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அதற்கென்று ஒரு ஆப்பை லேப்டாப்பில் இறக்கி, இதுதான் இரைச்சல் என்று அதற்கு அடையாளம் காட்டினால், பேச்சுக்குள் அது எங்கே ஒளிந்திருந்தாலும் துடைத்து எடுத்துவிடுமாம்.

"நைனா, இப்ப கம்முனு குந்து. மூச்சு கூட வுடாத."

"இம்மா நேரம் பேசு பேசுன்ன. இப்ப பேசாதன்ற. உனுக்கு இன்னாதான்டா வேணும்?"

"கொஞ்ச நேரம் நைனா."

அவர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். பதிவு ஓடியது. இதற்கிடையில் த்ரீ பேஸ் போய்விட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. ஆனால் அது திரும்பி வந்தது, நைனாவுக்கு எதிரே இருந்த ஜன்னலில் தெரிந்தது. மூன்று பல்புகளும் எரிந்தன. நைனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கரெண்டு வந்துச்சேய்!"

ஓட்டை விழுந்த குரல். கிழிந்து கிழிந்து வந்தது. ஆனால் கழனி வரைக்கும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

"நைனா! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" என்று நானும் கத்தினேன்.

அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பழக்கம்டா" என்றார், காற்று மட்டும் வந்தது.

வாசலில் மாமா ஹாரன் அடித்தார். மறுபடி எடுக்க நேரமில்லை. போகட்டும், ஒரு கத்தல்தானே, இரைச்சல் நிறைய இருக்கிறதே என்று அதையே ஆப்புக்கு அடையாளம் காட்டினேன். எவ்வளவு நீக்கட்டும் என்று கேட்டது. முழுசாக என்றேன். பழைய பதிவின் மேலேயே சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். போட்டுக் கேட்கக்கூட நேரமில்லாமல் மூடிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். திருப்பதி வரை மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நைனாவின் கழுத்தில் ஓட்டை, அதில் குழாய், கையில் சிலேட்டு. அவர் எழுந்து உட்காரத் தொடங்கியதும் கௌரி, "அந்த வீடியோவ போடுண்ணா. எல்லாரும் கேக்கலாம்" என்றாள். கட்டிலின் மேல் லேப்டாப்பை வைத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

வண்டு போய்விட்டிருந்தது. சுத்தம். அப்படி ஒரு சுத்தத்தை நான் கேட்டதே இல்லை. நைனாவும் போய்விட்டிருந்தார். வாய் அசைந்தது, துண்டால் முகம் துடைத்தார், சிரித்தார். சத்தம் மட்டும் தண்ணீருக்குள் யாரோ கொப்பளிப்பது போல எங்கோ குளுகுளுவென்று வந்து அடங்கியது. நான்தான் அவர் குரலையும் சேர்த்து இரைச்சல் என்று அடையாளம் காட்டியிருந்தேனே. ஆப் என்ன செய்யும்? சொன்னதைச் செய்திருந்தது.

"இன்னாடா, வாய் மட்டும் அசையுது?" என்றாள் அம்மா.

கௌரி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நைனா சிலேட்டை எடுத்தார். எழுதித் திருப்பிக் காட்டினார்: 'கரெண்டு பூட்ச்சி.'

எழுதிவிட்டு அவரே சிரித்தார். சத்தமில்லாமல் தோள்கள் மட்டும் குலுங்கின, குழாயில் காற்று சீறியது. நர்ஸ் ஓடிவந்து எங்கள் எல்லாரையும் திட்டினாள். நான் வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

பிறகு ஒரு நாள் கேட்டேன். "அன்னிக்கி இன்னா நைனா பேசின? எழுதியாவது குடு." சிலேட்டைக் கையில் வாங்கினார். எதுவும் எழுதவில்லை. துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பேசியபோது எதிரில் இருந்தவன் நான் ஒருவன்தான், எனக்கு ஒரு வார்த்தை கூட நினைவில்லை.

மிஞ்சியது அந்த இரைச்சல் பதிவு மட்டும். முதலில் வண்டு. பிறகு நைனாவின் "கரெண்டு வந்துச்சேய்!". உடனே என் "எல்லாத்தையும் கெடுத்துட்டியே!". என் அப்பாவின் குரல் உலகத்தில் இருப்பது அந்த ஒரு துண்டில்தான், அதிலும் நான் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும், பால் பொங்கினாலும் தோசை கருகினாலும், இன்றுவரை என் குரலில்தான் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சில மாதம் கழித்து நைனாவுக்கு ஒரு கருவி வாங்கினோம். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தி வாயை அசைத்தால் அது பேச்சாக வரும். எப்படிப்பட்ட பேச்சு என்கிறீர்கள்? 'ங்ங்ங்ங்' என்று வரும். முதன்முதலாக அதைக் கேட்டபோது நான் சார்ஜர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதற்கு அடிக்கடி சார்ஜ் ஏற்ற வேண்டும். தீர்ந்துவிட்டால் நைனா ஊமை. ஏற்றி எடுத்ததும் கழுத்தில் வைத்து அவர் முதலில் சொல்வது என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது நான் சித்தூரில் வேலை செய்கிறேன், லேப்டாப்பும் புதிது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கௌரியின் மகள் எங்களோடு இருந்தாள், கௌரி தடாவில். வீடியோவில் கூப்பிட்டோம். நைனா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, கருவியைக் கழுத்தில் வைத்துப் பேசினார்.

"அண்ணா, நைனா வாய் மட்டும்தான் அசையுது" என்றாள் கௌரி, தடாவிலிருந்து.

ஓடிவந்து பார்த்தேன். 'பின்னணி இரைச்சல் நீக்கப்படுகிறது' என்று திரையின் ஓரத்தில் லேப்டாப் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பொத்தானைத் தேடித் தடவிக்கொண்டிருக்க, மடியில் இருந்தவள் கேட்டாள்.

"இன்னா மாமா?"

"தாத்தா பேசறத சத்தம்னு நெனச்சிக்கினு நிறுத்திடுச்சிம்மா."

அவள் எழுந்து நின்று, திரைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணுக்கு நேராக விரலை நீட்டினாள்.

"ஏய், அது சத்தம் இல்ல. எங்க தாத்தா."