நுரைக்காரர் மோந்த தலைகள்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே என் வயிற்றெரிச்சலை அதிகம் கொட்டிக்கொண்ட மனிதர் நுரைக்காரர்தான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். இருங்காட்டுக்கோட்டையில், சுரங்கங்களுக்கு மிதப்புத் தொட்டி செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அரைத்த தாதுக்கல்லைத் தண்ணீரில் கலக்கிக் காற்றை ஊதினால், தாது குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். வெறுங்கல் அடியில் தங்கும். அந்த நுரைக்கு அவர்தான் முழுப்பொறுப்பு.

எண்ணெய் பட்டால் நுரை செத்துவிடுமாம். சோதனை அறை வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக மோந்து பார்ப்பார். முதலாளி தலையும் தப்பாது. நானோ திருநெல்வேலிக்காரன், எண்ணெய் வைக்காமல் வெளியே போய்ப் பழக்கமில்லை.

"இன்னாபா, தலையா இது, வாணலியா? போய் கழுவிக்கினு வா!"

"வேய், ஒம்ம நுரைக்காக நான் மொட்டையா அடிக்க முடியும்?"

ஒரே ஷிஃப்டில் மூன்று முறை தலைக்குக் குளித்திருக்கிறேன். ஜலதோஷம் பிடித்துத் தும்மினால், தொட்டிப் பக்கம் தும்மாதே என்று அதற்கும் கத்தல்.

குமிழி பொடியானால் தாது அதிகம் ஒட்டும் என்று, தொட்டிக்குள் காற்று ஊதும் தட்டில் ஊசிமுனைத் துளைகளாகப் போட்டார். அதைப் பார்க்க ஒரு கிராஃபைட் சுரங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஆர்டர் கிடைத்தால்தான் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நுரை கன்னங்கரேலென்று பொங்கியது. நுரைக்காரர் வழக்கம்போல் தலையைச் சொறிந்துவிட்டு, விரலை விட்டு நுரையைத் தேய்த்துப் பார்த்தார். பொசுக்கென்று அடங்கிவிட்டது. புதுக் கலவை ஊற்றினோம். மறுபடி சொறிந்தார், விரலை விட்டார், அதுவும் அடங்கியது.

"இவன்தான் சார்! எண்ணெய்த் தலையன்!" என்று என்னைக் காட்டினார்.

"நாளையிலேர்ந்து நீ வராதே" என்றார் முதலாளி.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மூன்று நாளாக எண்ணெயே தொடாதவன் நான். பாய்ந்து அவர் தலையைப் பிடித்து மோந்தேன். கமகமவென்று நல்லெண்ணெய்.

"என்னவே இது?"

தலையைத் தொட்டுப் பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று.

"காலைல வல்லக்கோட்டை முருகனுக்கு வெளக்கு ஏத்துனேன். வெரல தலைல தொடச்சிக்கினேன்... சார், தப்பு என்னுது. அனுப்பறதுன்னா என்னிய அனுப்புங்க."

தொட்டியைக் கழுவி மறுபடி ஓட்டினோம். இம்முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நுரை நின்றது. ஆர்டர் வந்தது. இருவர் வேலையும் தப்பியது.

கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வரை அவரை விடாமல் திட்டினேன். "ஊர்த் தலையெல்லாம் மோந்து பார்க்கிற மனுஷன், இன்னைக்குன்னு பார்த்து எதுக்குவே வெளக்கு ஏத்தினீரு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனுக்கு வேல பர்மனென்ட் ஆவணும்னுதான்."

பாவி மனிதர்! அதற்குமேல் எப்படித் திட்டுவது? இன்றுவரை நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.